யாருக்கு எழுதினார் கி.ரா.?

கோவில்பட்டி எழுத்தாளர்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் 'மண்' வந்து நின்றுவிடும். கு. அழகிரிசாமிக்கு 1970இல், கி. ராஜநாராயணனுக்கு 1991இல், பூமணிக்கு 2014இல், சோ. தர்மனுக்கு 2019இல் சாகித்ய அகாதெமி விருது. முதல் இரண்டு பேருக்கும் ஒரே ஊர், இடைசெவல். பூமணிக்கு ஆண்டிபட்டி, தர்மனுக்கு உருளைகுடி. காலையில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் மூன்று ஊரையும் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். டவுனுக்குள்ளே தேவதச்சன், கோணங்கி, தமிழ்ச்செல்வன், உதயசங்கர் என்று இன்னொரு வரிசை. எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டு, மேடையில் பேசுகிறவர் கடலைமிட்டாயைக் கடித்த திருப்தியோடு சொல்வார்: "அந்தக் கரிசல் மண்ணுல என்னமோ இருக்குய்யா."

என்ன இருக்கு? விவசாயம் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், களி ஜாஸ்தி. மழை பெய்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் வெடிப்புக்குள் முழங்கை வரைக்கும் விடலாம். ஒரு நல்ல மழைக்கு அப்புறம் ரெண்டு நாளைக்குக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, செருப்போடு ஒரு படி மண் கூடவே நடந்து வரும். ஈரத்தை நாள் கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கிணறு இல்லாத இடத்திலும் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி என்று மானாவாரியில் ஏதோ ஒன்று விளைகிறது. இதே மண், இதே பருத்தி, மகாராஷ்டிரத்தின் விதர்பா முதல் மத்தியப் பிரதேசத்து மால்வா வரைக்கும் பரந்து கிடக்கிறது. மண்தான் எழுத வைக்கிறது என்றால் தக்காணம் முழுக்க வீட்டுக்கு ஒரு நாவலாசிரியர் இருக்க வேண்டும்.

இன்னொரு விளக்கமும் உண்டு. அது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற ஊர். வெள்ளாமை வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்த மழை வரைக்கும் பெரிய வேலை கிடையாது. அந்த நீண்ட வெயில் மாதங்களில் மடத்திலும் வேப்பமர நிழலிலும் உட்கார்ந்து பேசிப் பேசியே கதை வளர்ந்தது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற பாதி என்னவென்றால், அந்த ஓய்வு எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. காடு உள்ளவனுக்குக் கோடை ஓய்வு, காடு இல்லாதவனுக்குக் கோடை பட்டினி. அதுவும் போக, மடத்தில் கதை கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். எழுதியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

பக்கத்து எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி, இந்த வட்டாரத்தைப் பற்றி உரைநடையில் எழுத உட்கார்ந்தபோது எழுதியது 'சின்னச் சங்கரன் கதை'. அதில் அவருக்கு மண் பெரிதாகத் தெரியவில்லை. ஜமீன்தாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து ஜால்ரா போடுகிறவர்களும்தான் தெரிந்தார்கள். அதையும் முடிக்கவில்லை. மண்ணுக்கும் எழுத்துக்கும் நேர்க்கோடு போடுகிறவர்கள் இவரை எப்போதும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எனக்கு 'மண்' என்ற விளக்கத்தின் மேல் இவ்வளவு எரிச்சல் ஏன் என்றால், அது இன்று எழுத வருகிறவர்களைக் கெடுக்கிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் இடைசெவலுக்குப் போவோம்.

*

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் ரோட்டில், நாலாட்டின்புத்தூரைத் தாண்டினால் இடைசெவல். அங்கே ஏறக்குறைய ஒரே வயதில் ரெண்டு பையன்கள். ஒருவர் சம்சாரி வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தை நடுவகுப்போடு விட்டவர், இளம் வயதிலேயே காசநோயில் விழுந்து எழுந்தவர், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து விவசாயிகள் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். இன்னொருவர் படித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்து, அது பிடிக்காமல் சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் சேர்ந்து, 1950களில் மலேயாவுக்கும் போய் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்துவிட்டுத் திரும்பியவர்.

ரெண்டு பேருக்கும் சங்கீதப் பைத்தியம். கோவில்பட்டியில் குடியிருந்த நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்தோடு சிநேகம். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடிக்கொண்டிருக்கும் விளாத்திகுளம் சுவாமிகளிடம் ஈடுபாடு. கி.ரா. எழுத்தாளராக ஆசைப்படுவதற்கு முன்னால் பாட்டுக்காரராக ஆசைப்பட்டவர். இதைச் சும்மா வாழ்க்கைக் குறிப்பாகக் கடந்துவிடக் கூடாது. அவர் வாக்கியத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பது காதால் முடிவு செய்யப்பட்டிருக்கும். இன்னொன்று, அவர் வீட்டில் பேசியது தெலுங்கு. தமிழ்ப் பேச்சை எழுத்துக்குள் இவ்வளவு முழுசாகக் கொண்டுவந்தவருக்கு அது தெருவிலும் காட்டிலும் கேட்டுப் பழகிய பேச்சு. தன் வீட்டுக்குள் புழங்கும் பாஷையை நாம் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அடுத்த வீட்டுப் பேச்சைத்தான் கவனிப்போம்.

அழகிரிசாமி ஊரை விட்டுப் போனதும் நடந்தது, கடிதம். அவர் கி.ரா.வுக்கு எழுதியவை பின்னாளில் 'கு. அழகிரிசாமி கடிதங்கள்' என்று புத்தகமாகவே வந்தன. கிடைத்தால் வாசித்துவிடுங்கள். சங்கீதம், கம்பன், படித்த புத்தகம், பார்த்த ஆள் எல்லாம் கலந்து வரும். இலக்கியம் பேசுகிறோம் என்ற தோரணை இருக்காது. அதை வாசிக்கும்போது எனக்கு ஒரே யோசனைதான்: இந்தக் கடிதங்களுக்கு இடைசெவலிலிருந்து பதில் எழுதிக்கொண்டிருந்த ஆளுக்கு உரைநடை எப்படிப் பழகியிருக்கும்?

கி.ரா. கதை எழுத வந்தது 1950களின் கடைசியில், முப்பத்தைந்து வயது வாக்கில். 'சரஸ்வதி'யில் 'மாயமான்' வந்தபோது அவர் எழுதிப் பழகிய ஆள். ஆனால் அவர் பழகியது பத்திரிகையில் இல்லை, கடுதாசியில். அவரை உருவாக்கியது கரிசல் மண் என்கிறார்கள். நான் சொல்வேன், இடைசெவலுக்கும் சென்னைக்கும் நடுவில் கிடந்த ஏறத்தாழ 600 கிலோமீட்டர் என்று.

சிநேகிதனுக்குக் கடுதாசி எழுதுகிறவன் எதைச் சொல்வான், எதை விடுவான்? ஊர் எப்படி இருக்கும் என்று வர்ணிக்க மாட்டான், அவனுக்குத் தெரியும். தலையாரி யார், தீர்வை என்றால் என்ன, வாடைக்காற்று எந்த மாசம் அடிக்கும், எதையும் விளக்க மாட்டான். புதுசாக நடந்ததை மட்டும் சொல்வான். அவன் சிரிப்பான் என்று தெரிந்த இடத்தில் கொஞ்சம் நீட்டுவான். அவன் வருத்தப்படுவான் என்று தெரிந்த இடத்தில் சட்டென்று முடித்துக்கொள்வான். இதை மனசில் வைத்துக்கொண்டு 'கதவு' கதையைத் திறந்து பாருங்கள்.

அதில் பிள்ளைகள் வீட்டுக் கதவில் ஏறி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்களுக்கு பஸ். டிக்கெட் கூட உண்டு. அந்தக் கதவில் ஒட்டத் தீப்பெட்டிப் படம் கிடைத்துவிட்டால் அன்றைக்குக் கொண்டாட்டம். அப்பா கூலி வேலைக்கு மணிமுத்தாறு போயிருக்கிறார். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகிறார். பிள்ளைகளுக்கு முதலில் அதுவும் வேடிக்கைதான். பிறகு வாடை. கதவில்லாத வீட்டில் கைக்குழந்தை செத்துப்போகிறது. கடைசியில் சாவடிக்குப் பின்னால் அந்தக் கதவு சாத்தி வைத்திருப்பதைப் பையன் பார்க்கிறான்.

விவசாய சங்கத்தில் இருந்து, ஜெயிலுக்கும் போய்வந்த ஒருவர் எழுதிய கதை இது. ஜப்தி என்றால் என்ன, யாருக்காக வசூல், யார் கொழுத்தார்கள் என்று நாலு பக்கம் எழுத அவருக்குச் சரக்கு இருந்தது. ஒரு வரி கூட எழுதவில்லை. குழந்தையின் சாவைக் கூட அவர் உட்கார்ந்து அழுது எழுதவில்லை, போகிற போக்கில் சொல்கிறார். ஏனென்றால் கேட்கிறவனுக்கு இது தெரிந்த வீடு. தெரிந்தவனிடம் அழுது காட்ட வேண்டியதில்லை. 'சிக்கனமான நடை' என்று இதைப் பாராட்டுகிற விமர்சகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நடை விஷயமாகவே படவில்லை. யாரிடம் பேசுகிறோம் என்ற தெளிவு அது.

'நாற்காலி'யும் அப்படித்தான். வந்த சப் ஜட்ஜ் முக்காலியிலிருந்து உருண்டு விழுந்ததால் ஒரு வீட்டில் நாற்காலி செய்கிறார்கள். ஊரில் சாவு விழுந்தால் பிணத்தை உட்கார வைக்க அந்த நாற்காலியைக் கேட்டு வருகிறார்கள். அப்புறம் அதில் யார் உட்காருவார்கள்? கதை முழுக்க ஒரு கண்சிமிட்டல் இருக்கிறது. கண்சிமிட்ட எதிரில் ஒரு ஆள் வேண்டும், ஊரைப் பார்த்துக் கண்ணடிக்க முடியாது.

*

அழகிரிசாமியைக் கரிசல் எழுத்தாளர் பட்டியலில் வைப்பதில் நம் ஆட்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர் வட்டார வழக்கில் எழுதவில்லை. பொதுத்தமிழ், சுத்தமான எளிய வாக்கியம், அங்கங்கே பேச்சில் மட்டும் ஊர் வாசனை. வட்டார வழக்குதான் கரிசல் இலக்கியம் என்று வைத்துக்கொண்டால் இவர் பாதி உறுப்பினர்தான். என் கணக்கில் இவர் முழு உறுப்பினர், ஏன் என்றால் 'குமாரபுரம் ஸ்டேஷன்'.

குமாரபுரம் கோவில்பட்டிக்குத் தெற்கே அடுத்த ரயில் நிலையம். கதையில் வரும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், காட்டுக்கு நடுவில் இப்படி ஒரு ஸ்டேஷன் எதற்கு என்று நினைக்கிறவர். அவருக்கு அது ஆளில்லாத இடம். பிறகு ரயிலில் ஏறுகிறார். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சேரப் போகிற கிராமத்துப் பையன்களும் அவர்களைக் கூட்டிப் போகிறவர்களும் அதே பெட்டியில் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது. இறங்கும்போது அந்த ஸ்டேஷன் அவர் கண்ணில் வேறு ஸ்டேஷன்.

வெளியே போன ஒருவன் எழுதின கதை இது. ஊரில் இருந்த கி.ரா.வுக்கு 'இந்தக் காட்டில் என்ன இருக்கிறது' என்ற கேள்வியே வராது. சென்னையில் நூறு பேர் அழகிரிசாமியிடம் அதைக் கேட்டிருப்பார்கள். அவர்களுக்குப் பதிலாகப் பிரசங்கம் செய்யாமல், அந்தக் கேள்வி கேட்கிறவனையே ஒரு ரயில் பெட்டியில் ஏற்றி, சும்மா உட்கார்ந்து கேள் என்று விட்டுவிட்டார். 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் தீபாவளி நேரத்தில் வந்து நிற்கும் அநாதைப் பையன், ராஜா என்ற பேரைத் தவிர வேறொன்றும் இல்லாதவன், ஓர் ஏழை வீட்டில் ராஜாவாகிறானே, அதிலும் இதே வேலைதான். ஜமீன் உறவு வந்து இறங்குகிற பெரிய வீட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துகொள்கிறார்.

ஆக ஒருவர் இருந்து எழுதினார், ஒருவர் போய் எழுதினார். எந்தப் பக்கம் உசத்தி என்று பட்டிமன்றம் வேண்டாம். ஆனால் ஊரிலேயே கிடந்தால்தான் ஊரை எழுத முடியும் என்கிற பேச்சு மட்டும் நிற்காது. கி.ரா.வே 1980களின் கடைசியில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராகப் போனவர், 2021 மே மாதம் கண்ணை மூடுகிற வரைக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் புதுச்சேரிவாசி. 'அந்தமான் நாயக்கர்' எழுதியபோது அவர் வீட்டு வாசலில் இருந்தது கரிசல் இல்லை, லாஸ்பேட்டை.

*

1970 ஜூலையில் அழகிரிசாமி இறந்துபோனார். நாற்பத்தாறு வயது. கி.ரா. அதற்கப்புறம் ஐம்பத்தோரு வருஷம் இருந்தார்.

'கோபல்ல கிராமம்' வந்தது 1976இல். அந்த நாவலின் வடிவத்தை நான் இந்த மரணத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கிறேன். இது என் வாசிப்பு, ஆதாரம் கேட்காதீர்கள். அதுவரைக்கும் கதைக்கு வெளியே இருந்த கேட்கிற ஆள், இந்த நாவலில் கதைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார். நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் சொல்கிறாள், குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கிறது. தெலுங்கு தேசத்திலிருந்து பெண்ணைக் காப்பாற்ற ஓடிவந்த கதை, காட்டை எரித்து நிலமாக்கிய கதை, எல்லாம் அவள் வாய்வழி. ஊர்க்காரர்கள் வெட்டுக்கிளியோடு மல்லுக்கட்டுவதும், நகைக்காகக் கர்ப்பிணியைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றவனைக் கழுவேற்றுவதும், ஒரு ஊர் உட்கார்ந்து தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்கிற குரலில் வருகிறது. கட்டுக்கோப்பான நாவல் இல்லை என்று அந்தக் காலத்திலிருந்தே ஒரு குறை உண்டு. கதை கேட்க உட்கார்ந்தவர்கள் கட்டுக்கோப்பைத் தேடுவதில்லை.

அதற்கப்புறம் வந்தது ஜூனியர் விகடனில் 'கரிசல் காட்டுக் கடுதாசி'. பேரிலேயே கடுதாசி இருக்கிறது. இங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. லட்சக்கணக்கான பேருக்கு எழுதப்பட்ட கடுதாசி அது. அருமையான பக்கங்கள் உண்டு, மறுக்கவில்லை. தமிழ்நாடு முழுக்க அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுதான். ஆனால் வாசிக்கிறவனுக்குக் கரிசல் தெரியாது என்ற நினைப்பு அங்கே நுழைந்துவிடுகிறது. ஒரு சொல்லைப் போட்டதும் அதற்கு அர்த்தம் சொல்ல நிற்கிறார். ஒரு பழக்கத்தைச் சொன்னதும் இப்போதெல்லாம் அது போய்விட்டதே என்று ஒரு பெருமூச்சு. ஊரைச் சுற்றிக் காட்டுகிற ஆளாக மாறுகிறார். 'கதவு' எழுதியவர் யாருக்கும் எதையும் சுற்றிக் காட்டவில்லை.

1982இல் வந்த வட்டார வழக்குச் சொல்லகராதியை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது வேறு வகை உழைப்பு, ஒரு பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டியதைத் தனி ஆளாக முன்னின்று, சிநேகிதர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்தது. ஆனால் அந்த அகராதிக்கு ஒரு பின்விளைவு உண்டு. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு கதை எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

*

பூமணியின் 'பிறகு' 1979இல் வந்தது. மேடைக்கு மேடை கி.ரா.வை 'முன்னத்தி ஏர்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உழவில் முன்னால் போகிற ஏர். சரி, பின்னால் வருகிற ஏர் அதே சாலில்தான் வர வேண்டும் என்று சட்டமா? பூமணி வந்த சால் வேறு.

கி.ரா.வின் கதைசொல்லி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். திண்ணையில். அது சம்சாரி வீட்டுத் திண்ணை. 'பிறகு' நாவலின் அழகிரி சக்கிலியர். செருப்பும் கமலைக்குத் தோலும் தைத்துக் கொடுக்கிறவர். அந்தத் திண்ணையில் அவர் ஏற முடியாது. கீழே நின்றுதான் பேச வேண்டும். அப்படிப்பட்டவரின் கதையைத் திண்ணைக் குரலில் சொல்ல முடியுமா? பூமணி அந்தக் குரலையே தூக்கிப் போட்டுவிட்டார். 'கேளுங்கய்யா, என்ன நடந்துச்சின்னா' என்று இழுத்து உட்கார வைக்கிற ஆள் அந்த நாவலில் இல்லை. மனுஷர்கள் பேசிக்கொள்கிறார்கள், வேலை செய்கிறார்கள், நாவல் நகர்கிறது. சுதந்திரம் வந்து என்ன ஆச்சு என்று அந்தத் தலைப்பே கேட்கிறது, 'பிறகு?' உள்ளே ஆசிரியர் ஒரு இடத்திலும் வாயைத் திறந்து பதில் சொல்லவில்லை.

'வெக்கை'யில் (1982) இன்னும் இறுக்கம். கொலை செய்துவிட்டுப் பதினைந்து வயதுப் பையன் அப்பாவோடு காட்டுக்குள் அலைகிறான். சாதிப் பெயர் எங்கும் வராது. 'அசுரன்' படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிற இளைஞர்கள் பலருக்கு ஏமாற்றம், 'என்னண்ணே, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு' என்கிறார்கள். சொல்ல மாட்டார். அப்பனும் மகனும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நாம் பக்கத்திலிருந்து கேட்க மட்டும்தான் அனுமதி. கி.ரா. நம்மைச் சிநேகிதன் இடத்தில் உட்கார வைத்தார். பூமணி நமக்கு எந்த இடமும் போட்டுத் தரவில்லை, நின்றுகொண்டே கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும். கட்டாயம் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் 'பிறகு'வை எடுப்பேன்.

சோ. தர்மன் கோவில்பட்டியில் மில் தொழிலாளியாக வேலை பார்த்தவர். 'தூர்வை'யில் அவர் கதைசொல்லியைத் திரும்பக் கூட்டிவந்தார், ஆனால் உட்காரும் இடத்தை மாற்றினார். சொந்தமாகக் காடு வைத்து விவசாயம் பண்ணுகிற தலித் குடும்பங்களின் முற்றத்தில் அந்தக் குரல் உட்கார்ந்திருக்கிறது. கதை அங்கேயும் உண்டு, கிண்டல் அங்கேயும் உண்டு, கி.ரா.வுக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொத்து இல்லை அது என்று அந்த நாவல் காட்டியது. 'சூல்' உருளைகுடிக் கண்மாயின் கதை. எட்டயபுரம் அரண்மனைக் காலத்தில் கண்மாயைக் காத்த நீர்ப்பாய்ச்சிகளிலிருந்து அது தூர்ந்துபோகிற காலம் வரைக்கும். முதல் பாதி மாதிரி இரண்டாம் பாதி எனக்கு இல்லை. கண்மாய் நிறைந்திருந்த காலத்தைச் சொல்லும்போது தர்மன் ஊர்க்காரர்களோடு பேசுகிறார். அழிந்த காலத்துக்கு வந்ததும் நம்மைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறார். குரல் உயர்ந்துவிடுகிறது. கோபம் நியாயமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மீன்களும் மடையும் மரங்களும் நிறைந்த அந்த முன்பாதியே போதுமான குற்றப்பத்திரிகை.

*

இப்போது முதலில் விட்ட இடத்துக்கு வருகிறேன். என்னிடம் கதை அனுப்புகிற தம்பிகள், தங்கைகள் இரண்டு வகை. ஒரு வகை இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். கதையின் முதல் பத்தியிலேயே வேலிக்கருவை, பருத்திமார், கம்மங்கஞ்சி, பாளம் வெடித்த பூமி எல்லாம் வரிசையாக ஆஜராகிவிடும். யாரோ வெளியூர் நடுவருக்கு அடையாள அட்டை காட்டுகிற மாதிரி. இந்தத் தம்பி தன் அண்ணனுக்கு வாட்ஸப்பில் எழுதும்போது 'பாளம் பாளமாக வெடித்த கரிசல் பூமியில்' என்று ஆரம்பிப்பானா? 'எண்ணே, மோட்டார் திரும்பவும் புகைஞ்சு போச்சு' என்றுதான் ஆரம்பிப்பான். அந்த இரண்டாவது வாக்கியத்தில் கதை இருக்கிறது.

இன்னொரு வகை, கேட்கவே பாவமாக இருக்கும். "அண்ணே, நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் அபார்ட்மெண்ட்ல. எனக்கு ஊர்னு ஒண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. நான் எதை எழுத?" நாங்கள் மண் மண் என்று மேடையில் முழங்கி வைத்ததன் பலன் இது. நல்லா எழுதக்கூடிய ஒரு பெண் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு வருஷமாக எழுதாமல் இருக்கிறார். அவரிடம் நான் கேட்டது, உங்க பில்டிங்கில் நடப்பதை யாரிடம் முதலில் சொல்வீர்கள் என்று. அமெரிக்காவில் இருக்கும் தோழியிடமாம். தினம் பத்து நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் போடுவாராம். லிஃப்ட் ஆபரேட்டர் முதல் செக்ரட்டரி வரைக்கும் அதில் வருவார்களாம். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாருக்கும் எழுதுவது என்பது இணையத்தில் நமக்கு வாய்த்த வரமும் கஷ்டமும். பதிவு போட்டால் தெரிந்தவனும் படிக்கிறான், தெரியாதவனும் படிக்கிறான். தெரியாதவனுக்காக விளக்க ஆரம்பித்ததும் தெரிந்தவன் எழுந்து போய்விடுகிறான். கி.ரா.வுக்கு வார இதழில் நடந்தது நமக்கு முதல் கதையிலேயே நடக்கிறது.

கடைசியாக ஒன்று. அது எனக்கே ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. 'கோபல்ல கிராம'த்தில் கதை சொல்கிறது ஒரு கிழவி. கி.ரா. ஆயுசுக்கும் தேடித் தேடிச் சேர்த்த நாட்டுப்புறக் கதைகளில் எத்தனையோ பெண்கள் வாயில் பிழைத்துக் கிடந்தவை. ஆனால் மேலே நான் வரிசையாகச் சொன்ன பேர்களைத் திரும்பப் பாருங்கள், விருது வாங்கியவர்களிலும் வாங்காதவர்களிலும் ஒரு பெண் பேர் இல்லை. காதும் வாயும் அவர்களுக்கு இருந்தன. நேரமும் உண்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே கதை சொன்ன வீடுகளை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இல்லாமல் போனது கடுதாசி. ஊரை விட்டுப் போய்ப் படித்துவிட்டு, இங்கே இருக்கிற சிநேகிதிக்குக் கம்பனையும் காருகுறிச்சியையும் பற்றி எழுதி அனுப்ப, அந்தத் தலைமுறையில் அவர்களுக்கு ஒரு அழகிரிசாமி கிடைக்கவில்லை. மங்கத்தாயாரு அம்மாள் சொன்னதை எல்லாம் பேரன்மார்தான் எழுத வேண்டியிருந்தது.

இன்றைக்குக் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கிறார்கள், ராத்திரி ஹாஸ்டலிலிருந்து ஊரில் இருக்கும் அக்காளிடம் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். அதில் ஒரு பிள்ளையின் முதல் கதைத் தொகுப்புக்காக நான் காத்துக்கொண்டிருக்கிறேன். அதில் கரிசல் என்ற வார்த்தையே இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறையில்லை.